அறுபது பையன்களின் அளவு நோட்டு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. குரங்கு படித்தது உட்பட.

1979 டிசம்பர் மூன்றாம் தேதி காலை. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் தையல் கடை வைத்திருந்த சூசைமாணிக்கத்தின் அளவு நோட்டை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போய், எதிர்க் கடைத் தகரத்தின் மேல் உட்கார்ந்து, முதல் பக்கத்தை நிதானமாகப் படித்தது. படித்து முடித்ததும் அதைக் கிழித்துத் தின்றது. இரண்டாம் பக்கத்துக்கு எச்சில் தொட்டபோது, சூசைமாணிக்கம் ஒரு பன்னைக் காட்டி நோட்டை மீட்டார்.

போனது ஒரு பக்கம். அதாவது நான்கு பையன்கள். அந்த நால்வரின் அளவும் அப்போதைக்கு நினைவில் இருந்தது, மறப்பதற்குள் எழுதிவிட்டார். மிச்சம் ஐம்பத்தாறு பேர் அந்த நோட்டை விட்டால் வேறெங்கும் இல்லை.

அறுபது பேரும் மிஷன் பள்ளி விடுதிப் பையன்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் அளவு கொடுத்துவிட்டு, இப்போது மதுரையிலும் தேனியிலும் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சீருடைத் துணி கிறிஸ்துமஸ் கழித்துத்தான் மில்லிலிருந்து வரும். பள்ளி திறக்கும் ஜனவரி பதினாறாம் தேதி முதல் மணிக்கு, அறுபது பேரும் பொருந்திய உடுப்பில் நிற்க வேண்டும்.

"ஒருத்தனுக்குத் தொளதொளன்னு இருந்தாலும், அடுத்த வருசம் மதுரை ரெடிமேட்தான்" என்று வார்டன் பிரதர் சொல்லியிருந்தார். அந்த ஒரு ஆர்டரில்தான் சூசைமாணிக்கம் வீட்டில் ஆறு மாதம் உலை கொதித்தது.

பக்கத்துக் கடை செபாஸ்டின், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவர், எட்டிப் பார்த்தார்.

"ஒத்தை நோட்டை நம்பியா அறுபது பிள்ளைங்களை வச்சிருக்கீங்க? கார்பன் தர்றேன், வெரசா இன்னொரு காப்பி எடுங்க."

இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்தார். இரண்டு நோட்டையும் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டும்போது மனைவி அமலி வந்தாள்.

"ரெண்டையும் ஒரே பெட்டியிலயா வைக்கிறீங்க?"

"பூட்டுன பெட்டி அமலி. எந்தக் குரங்கு திறக்கும்?"

"மழை பூட்டைத் திறந்துக்கிட்டா வரும்? ஒண்ணு இங்க கெடக்கட்டும். இன்னொண்ணை அடுக்கத்துல எந்தம்பிகிட்ட குடுத்து வைங்க. எல்லாத்தையும் ஒரே எடத்துல வைக்கக் கூடாதுன்னு அவன்கிட்டயும் அழுத்திச் சொல்லுங்க."

மலைப்பாதையில் அடுக்கம் கிராமத்துக்கு இறங்கிப் போய், மைத்துனன் உபகாரத்திடம் நோட்டைக் கொடுத்து, அழுத்திச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த வாரமே மழை வந்தது. தகரக் கூரையில் நூறு இடம் இருக்க, டிரங்குப் பெட்டிக்கு நேர் மேலேதான் ஒழுகியது. திறந்து பார்த்தால், ஒரு பையனின் இடுப்பு இன்னொரு பையனின் தோளில் வழிந்திருந்தது. கண்ணுக்குப் பாதி தெரிந்தது. காய்ந்தால் முழுதும் தெரியும் என்று தோன்றியது. ஈரத்துக்குத் தையல்காரர் என்ன செய்வாரோ அதைத்தான் அவரும் செய்தார். கரிப்பெட்டியைச் சூடாக்கி, பக்கம் பக்கமாக இஸ்திரி போட்டார்.

பதினோரு பக்கம் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் பெட்டியிலிருந்து ஒரு கங்கு விழுந்தது. தண்ணீர் எடுத்து வருவதற்குள், முன்பு ஈரமாக இருந்த நோட்டு என்று சொன்னால் யாரும் நம்பாத அளவுக்கு அது எரிந்து போயிருந்தது.

"அடுக்கத்துல ஒண்ணு இருக்குல்ல? எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க?" என்றாள் அமலி.

மறுநாள் வெள்ளனே கிளம்பி அடுக்கம் போனார். உபகாரம் காப்பி கொடுத்தான். பிறகு பரணிலிருந்து பிளாஸ்டிக் தாள் சுற்றிய பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே நோட்டு இருந்தது. ஆனால் அகலம் பாதிதான் இருந்தது.

"மாப்ளே, மத்தப் பாதி எங்கலே?"

"தாண்டிக்குடியில மச்சான். நீங்கதான ஒரே எடத்துல வைக்காதேன்னு சொன்னீங்க? அருவாளை வச்சு நட்டநடுவுல அறுத்துட்டேன். பேரெல்லாம் இந்தப் பக்கம், நம்பரெல்லாம் அந்தப் பக்கம். எந்தக் களவாணி எடுத்தாலும் பிரயோசனப்படாது பாத்துக்கங்க."

"எனக்கும்தானலே பிரயோசனப்படாது!"

"அதான் மச்சான் பத்திரம்கிறது."

அந்தப் பத்திரத்தைத் தேடி மறுபடி மலையேறி, பண்ணைக்காடு வழியாக ஜீப்பில் தொங்கிக்கொண்டு தாண்டிக்குடி போய்ச் சேர்ந்தார். உபகாரத்தின் கூட்டாளி சேனாதிபதி அங்கே காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தார். நோட்டு என்றதும் அவர் முகம் கறுத்தது.

"வெறும் நம்பரா இருந்துச்சுங்க. ஒரு பேரு இல்ல, ஊரு இல்ல. உபகாரம் வேற, யாரு கண்ணுலயும் காட்டாதேன்னு குடுத்தானா, லாட்டரி நம்பர்னு நெனச்சுட்டேன். வத்தலக்குண்டு வரைக்கும் போயித் தேடித் தேடிச் சீட்டு வாங்குனேங்க. ஒண்ணுகூட விழல."

"சரி, அந்தத் தாளு எங்க?"

"கோவத்துல அடுப்புல போட்டுட்டேன்." சேனாதிபதி தலையைச் சொறிந்தார். "எனக்கும் அப்பவே சந்தேகந்தான். பதிமூணரைன்னு எந்த லாட்டரியில நம்பர் போடுவான்?"

சூசைமாணிக்கம் வீடு திரும்பியபோது மில்லிலிருந்து துணி வந்து இறங்கியிருந்தது. கையில் அறுபது பெயர்கள் இருந்தன. பையன்களின் வீடுகளுக்குக் கடிதம் போட்டுக் கேட்கலாம். ஆனால் முகவரி வார்டன் பிரதரிடம் இருந்தது. அவரிடம் போய்க் கேட்பதும், ஆர்டரை அவரிடமே திருப்பிக் கொடுப்பதும் ஒன்றுதான்.

அப்போதுதான் பொன்னுவேல் ஸ்டுடியோவின் கண்ணாடிக்குள் மாட்டியிருந்த விடுதி குரூப் போட்டோ கண்ணில் பட்டது. அறுபது பையன்களும் மூன்று வரிசையாக இருந்தார்கள். ஓரத்தில் வாட்ச்மேன் அழகுமலை விறைப்பாக நின்றான். அவனுக்குக் காக்கிக் கோட்டு தைத்ததே சூசைமாணிக்கம்தான், ஐந்தடி ஆறங்குலம். போட்டோவில் டேப்பை வைத்தால் இரண்டேகால் அங்குலம் வந்தான். அதற்கு இது என்றால் இதற்கு எது என்று மூன்று நாள் கணக்குப் போட்டு, அறுபது பையன்களையும் போட்டோவிலேயே அளந்து முடித்தார்.

பின்வரிசை இருபது பேருக்கும் தைத்து மாட்டியிருந்த நேரத்தில், கால்சட்டைக்குப் பொத்தான் வைக்கப் பொன்னுவேல் வந்தார்.

"யாருக்குங்க இதெல்லாம்? போலீஸ் டிரெயினிங்குக்கா?"

"விடுதிப் பயலுகளுக்குத்தான். இந்தா, இது தோமினிக் கால்சட்டை."

"தோமினிக் எம்புட்டு ஒசரம் இருப்பான், என் இடுப்புக்கு வருவான். பின்வரிசையைப் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சுல்ல படம் எடுத்தேன்!"

சூசைமாணிக்கம் பெஞ்சின் உயரத்தைக் கேட்டு வாங்கி, இருபது உடுப்பையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெஞ்சை மடித்துத் தைத்தார். முன்வரிசைப் பையன்கள் தரையில் சம்மணம் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு அதே பெஞ்சைக் கூட்டிக்கொண்டார். நடு வரிசை நாற்காலியில் இருந்தது. அவர்களை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கத்தரித்தார்.

பதினைந்தாம் தேதி, ஒவ்வொரு உடுப்பிலும் பெயர்ச்சீட்டு குத்தி, மூட்டை கட்டி, விடுதி ஆயா கித்தேரியம்மாளிடம் இறக்கினார். அன்று சோறு இறங்கவில்லை.

"மதுரை ரெடிமேட்காரன் இந்நேரம் பஸ் ஏறியிருப்பான்" என்றார்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள் அமலி. அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, பள்ளிக் கேட்டுக்கு வெளியே ஒரு சவுக்கு மரத்தின் பின்னால் நின்றுகொண்டார். மணி அடித்தது. மூடுபனிக்குள்ளிருந்து அறுபது பையன்கள் வரிசையாக வந்தார்கள்.

ஒருவனுக்கும் தோள் தொங்கவில்லை. ஒருவனுக்கும் கணுக்கால் தெரியவில்லை. தோமினிக்கின் கால்சட்டை தோமினிக்கின் மேலேயே வளர்ந்தது போல இருந்தது. சூசைமாணிக்கம் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி எண்ணினார். அறுபதும் பொருந்தியிருந்தது.

வார்டன் பிரதர் மரத்தடிக்கே வந்து கையைக் குலுக்கினார். "ஒரு இஞ்சுகூடப் பிசகல சூசை. இனிமே வருசா வருசம் நீங்கதான்."

எந்தெந்தப் புனிதருக்கு எத்தனை மெழுகுவர்த்தி என்று யோசித்தபடி விடுதியின் பின்பக்கம் போனார். இவ்வளவு பெரிய அற்புதத்தை மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. வெந்நீர் அடுப்பின் முன்னால் குந்தியிருந்த கித்தேரியம்மாளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஆயாம்மா, யாருகிட்டயும் சொல்லிராதீங்க. நோட்டு போச்சு. அந்தச் சீட்டுல இருந்த பேருக்கும் சட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

கித்தேரியம்மாள் கையிலிருந்த பெயர்ச்சீட்டுகளைக் கத்தையாக அடுப்புக்குள் தள்ளினாள்.

"எனக்கு எங்க தம்பி படிக்கத் தெரியும்? பத்து வருசமா ஒங்க மூட்டையத் தரையில கொட்டி, 'பொருந்துனதை மாட்டிக்கிட்டு ஓடுங்கலே'ன்னுதான சொல்லிக்கிட்டு இருக்கேன்."