முன்கூட்டியே நட்ட கற்கள்

செம்மேட்டு நாட்டில் அரியணை ஒன்று, இளவரசர்கள் இருவர். பிழை தச்சனுடையது என்று தச்சனைத் தூக்கிலிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அரியணை ஒன்றாகவே இருந்ததால் உள்நாட்டுப் போர் மூண்டது.

மூத்தவன் தொண்டர் காலாட்படை திரட்டினான். ‘விரும்பியவர்கள் சேரலாம், விரும்பாதவர்களின் பெயரை ஊர்த்தலைவர் எழுதி அனுப்பவும்’ என்று பறையறைந்ததும் கருவேலம்பாடி என்ற ஊரில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு பேர் மனமுவந்து விரும்பினார்கள்.

போர் முடிந்தபின் நடுகல் நட்டால் காலதாமதம் ஆகிறது என்பது அமைச்சர் மதிநுட்பனாரின் கவலை. எனவே படை புறப்படும் முன்பே ஆளுக்கொரு கல் செதுக்கி ஊர் எல்லையில் நட்டார்கள். அவரவர் கல்லைப் பார்த்துக்கொள்ள அரைநாள் விடுப்பும் கொடுத்தார்கள். கிணறு வெட்டும் தவசி தன் கல்லைச் சுற்றி வந்தான்.

“மூக்கு கொஞ்சம் பெரிசாப் போச்சு.”

“மூஞ்சியே வேற யாருதோ. அதனால உசுரோட வந்து சேருங்க” என்றாள் மனைவி மாடத்தி.

எதிர்ப்படையினர் ஆற்றின் அக்கரைக்காரர்கள், பெண் கொடுத்து, பெண் எடுத்தவர்கள். ஆகவே வெட்டுவதற்கு முன் நலம் விசாரித்துக்கொண்டார்கள். எட்டாம் மாதம் வேறொரு தச்சன் இருவர் உட்காரும்படி நீளமான அரியணை செய்து கொடுத்தான். போர் முடிந்தது. அந்தச் செய்தி படைக்கு வந்து சேர மேலும் பதினொரு நாள் ஆயிற்று. இறந்தவர்களில் பாதிப்பேர் அந்தப் பதினொரு நாளில் இறந்தவர்கள்.

கருவேலம்பாடிக்குத் தவசி மட்டும் திரும்பினான். எல்லையில் அவனை மறித்துவிட்டு அமைச்சருக்கு ஆளனுப்பினார்கள்.

“பெயர்?”

“தவசிங்கய்யா.”

“தவசி அதோ நிற்கிறார்” என்று மதிநுட்பனார் கல்லைக் காட்டினார். “அரசர் தம் கையால் மாலை போட்டிருக்கிறார். இனி நீ உயிரோடிருந்தால் யாருக்கு அவமானம்?”

“எனக்குச் சாகத் தெரியலைங்கய்யா. வீட்டுக்குப் போயிடுறேன்.”

“தாராளமாகப் போகலாம். கல்லுக்கு அந்தப்பக்கம் எங்கு வேண்டுமானாலும்.”

பெயர் கல்லில் இருப்பவன் ஊருக்குள் கால் வைத்தால் தலை போகும் என்று ஆணை பிறந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் தினம் ஓர் இலைச் சோறு படைக்க வேண்டும் என்பது அடுத்த ஆணை. உழ ஆளில்லாத ஊரில் நெல் ஏது? உயிரோடு இருப்பவர்கள் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது அதற்கடுத்த ஆணை.

மற்ற இலைகளைக் காகங்கள் கிளறின. மாடத்தி வைத்த இலையை மட்டும், கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்து தவசி வழித்துத் தின்றான். அவன் உயிரோடு திரும்பியதும் இலையை வழிப்பதும் அவளைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது.

“உப்பு கம்மி.”

“செத்தவுகளுக்கு உப்பு எதுக்கு?” என்று சிரித்தவள், கல்லில் முகம் புதைத்துக்கொண்டாள். தூரத்தில் நின்ற எல்லைக் காவலர்கள் தடுக்கவில்லை. கல்லைக் கட்டிக்கொண்டு அழுவதற்குச் சட்டத்தில் இடமிருந்தது.

காலியான இலையை மதிநுட்பனார் பார்வையிட்டார். “வீரர் உண்கிறார்” என்று நாடெங்கும் பறையறையச் செய்தார்.

விரைவிலேயே நீள அரியணையில் யார் வலப்பக்கம் உட்காருவது என்று மறுபடி போர் மூண்டது. இந்த முறை யார் பெயரையும் எழுதி அனுப்பத் தேவையிருக்கவில்லை. பறையைக் கேட்டு நாடெங்கிலுமிருந்து வந்த எண்ணூறு பேர், ஒட்டிய வயிற்றோடு கற்களை ஒட்டி வரிசையில் நின்றார்கள்.

“கல்லானா சோறாவது கெடைக்கும்ல” என்றான் ஒருவன்.

தவசி அதைக் கேட்டான். தலை போனால் போகட்டும் என்று கல்லுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தான்.

“அந்தச் சோத்தைத் தின்னது நான்தாண்டா. கல்லு எதையும் திங்காது. வீட்டுக்குப் போங்க.”

வரிசை முழுவதும் விழுந்து அவனைக் கும்பிட்டது. பிறகு எழுந்து, முன்னைவிட வேகமாக நகர்ந்தது.