எலி இல்லை, நான்தான்

எனக்கு நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வராது. ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். அந்த ஐந்து வருடமும் ஆசிரியை கேள்வி கேட்டபோதெல்லாம் மேசைக்கடியில் பென்சில் தேடினேன். இப்படிப்பட்ட நான், மகள் கௌரியின் கல்யாணப் பேச்சை ஒரு செடியால் கிட்டத்தட்டக் குழப்பிவிட்டேன்.

செடி கௌரியுடையது. ஜான்-டலோன் சந்தையில் வாங்கி வந்து வாசலில் நட்டாள். பிரெஞ்சில் சூரோ என்று பெயராம். இலை மைக்கறுப்பு, சீப்பால் வாரிவிட்டது போல் பிரிந்து நிற்கும். ஆனி மாதத்தில் குடை விரித்த மாதிரி இளஞ்சிவப்புப் பூ. "இது வடிவுக்கு அம்மா, சாப்பிட இல்லை" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். (எந்த இலையைக் கண்டாலும் நான் வறை வறுத்துவிடுவேன் என்று பயம்.)

மாப்பிள்ளையின் தாய் தகப்பன் வருகிற நாள் வந்தது. அவர்கள் சம்மதம் சொன்னால், பிள்ளைகள் எங்கள் மேல்வீட்டில் குடியேறுவதாகப் பேச்சு. வாசலில் நிறைகுடம் வைக்க வேண்டும். இவர், கௌரியின் அப்பா, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தமிழ்க் கடையில் வாங்கி வந்த மாவிலையோ குளிர்பெட்டியில் கிடந்து கறுத்திருந்தது. கறுத்த இலைதான் வைப்பதென்றால் வாசலிலேயே ஒரு செடி நிற்கிறதே என்றது என் மூளை.

கத்தரிக்கோலுடன் போனேன். குடத்துக்கு ஐந்து கொப்பு. கதவுக்குத் தோரணம். மிச்சத்தை வீணாக்குவானேன் என்று சோபாவுக்குப் பின்னால் ஒரு வாளி நிறைய. செடி இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு நாலு தடி நின்றது. கௌரி உள்ளே சேலை கட்டிக்கொண்டிருந்தாள். வடை சுட்ட புகையில் எனக்கு மணம் எதுவும் பிடிபடவில்லை.

வந்தவர்கள் சோபாவில் இருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் மூக்கைச் சுருக்கினார்.

"அண்ணை, வீட்டிலை எலி இருக்கோ?"

"சேச்சே" என்றார் இவர்.

"நான் இருவது வருசம் அரிசிக்கடை வைச்சிருந்தனான். இது தனி எலி இல்லை. குடும்பமாய் இருக்குது."

அவர் மனைவி கால் இரண்டையும் தூக்கிச் சோபாவில் வைத்தார். இவர் பட்டுவேட்டியோடு, விளக்குமாற்றுடன், மேசைக்கடியில் புகுந்தார். எலியைத் தேடிச் சோபாவை அசைக்க அசைக்கப் பின்னாலிருந்த இலை நசுங்கி, மணம் இன்னும் ஏறியது.

"மேல்வீட்டிலையும் இருக்குமே. பிள்ளையளை எப்படி விடுறது? பேந்து யோசிச்சுச் சொல்லுறம்" என்று அந்த அம்மா கைப்பையை எடுத்தார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த கௌரியின் முகம் வாடிவிட்டது.

தேத்தண்ணி கொடுத்த கையால் வியர்வையைத் துடைத்தேன். அதே மணம். எலி என் விரலில் இருந்தது.

மேசைக்கடியில் ஒளியலாம் என்றால் அங்கே ஏற்கெனவே இவர். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் உயர்த்தாத கையை உயர்த்தினேன்.

"எலி இல்லை, நான்தான்."

அந்த அம்மா காலை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தார். நான் வாளியை இழுத்து, ஓர் இலையைக் கசக்கி அவர் கணவரிடம் நீட்டினேன். முகர்ந்தார். "அச்சொட்டாய் எலி" என்று சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"வடையும் இந்தக் கையாலையோ சுட்டது?"

"வடை முந்தி, இலை பேந்து" என்றேன்.

ஒரு காலை இறக்கினார். ஒரு வடை எடுத்தார். மற்றக் காலையும் இறக்கினார். அதுதான் சம்மதம்.

கௌரி அழுதாள்தான், ஆனால் செடிக்காக. அது அடுத்த கோடையில் என் தலைக்கு மேல் வளர்ந்தது. ஒட்ட வெட்டினால்தான் அதற்குப் பிடிக்குமாம். இப்போது பனி கரைந்தவுடன் அவளே மேல்வீட்டிலிருந்து வந்து கத்தரிக்கோலைத் தருவாள். "வெட்டுங்கோ, ஆனால் உள்ளுக்குக் கொண்டுவராதேங்கோ."

சம்பந்தி போன் எடுத்தால் வணக்கம் சொல்வதில்லை. "எலி இல்லை, நான்தான்" என்பார். நானும் கொஞ்சம் தேறிவிட்டேன். "ஓம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனை இவரிடம் கொடுப்பேன்.