கூடம் – அடையாறு – சமையலறை

போர் முடிந்த மறு வருஷம், சென்னைப் பட்டணத்துப் பிரஜைகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. பஸ் நேரத்துக்கு வரவில்லை. ஜட்காவும் எருமையும் கலியாண ஊர்வலமும் முன்னே போக, பஸ் பின்னே வந்தது. ஆகவே மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் பஸ்ஸுக்கென்றே ஒரு தனிப்பாதை போடுவதென்று மேலிடத்தில் திருவுளங்கொண்டார்கள். "லண்டனில்கூட இப்படிக் கிடையாதாமே!" என்றார்கள் ஜனங்கள். அதனாலேயே எல்லாருக்கும் அது பிடித்துப் போயிற்று.

விசேஷ அதிகாரி ராவ் சாகிப் கோதண்டபாணி படத்தில் ஒரு நேர்கோடு கிழித்தார். வக்கீல் பங்களா ஒன்று எதிர்ப்பட்டது. கோடு மரியாதையாக ஒதுங்கிற்று. ஜமீன்தாரின் மாந்தோப்பு வந்தது. கோடு பிரதட்சிணம் செய்துகொண்டு போயிற்று. சாந்தோமில் வாத்தியாரம்மா வெரோனிகாவின் வீட்டருகே வந்ததும் அதற்குத் தன் நேர்மை ஞாபகம் வந்துவிட்டது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த முற்றத்தின் வழியே நேராகப் போயிற்று.

வெரோனிகா ஆபீசுக்கு ஓடினாள்.

"வீட்டை ரெண்டாக்கிட்டீங்களே, ஐயா!"

"அம்மணி, அவதூறு பேசக் கூடாது. கூடத்தில் ஒரு செங்கல்லைத் தொட்டோமா? சமையலறையைத் தொட்டோமா? நடுவிலே சும்மா கிடந்த இடத்தைத்தானே எடுத்தோம்?"

"அப்ப நான் குறுக்கே நடந்து போகலாமா?"

"பாதையில் பஸ்ஸின் சக்கரம் தவிர வேறெதுவும் படக் கூடாது. அப்புறம் தனிப்பாதைக்கு என்ன அர்த்தம்?"

வெரோனிகா அழுதுவிட்டாள். அவள் புருஷன் இக்னேஷியஸுக்கு வயிற்றுப்புண். வேளாவேளைக்குச் சூடான கஞ்சி கொடுக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. கண்ணீரைக் கண்டு அதிகாரி மனமிளகினார். கூடத்து வாசலில் ஒன்றும் சமையலறை வாசலில் ஒன்றுமாக இரண்டு பஸ் நிறுத்தங்களை அனுமதித்தார்.

கூடத்துப் பக்கம் அடையாறு போகும் பஸ் நின்றது. சமையலறைப் பக்கம் மயிலாப்பூர் போகும் பஸ். எனவே சமைக்க வேண்டுமானால் வெரோனிகா கூடத்தில் ஏறி, அடையாறு போய்த் திரும்பி, சமையலறையில் இறங்கினாள். கஞ்சியோ சமையலறையில் ஏறி, மயிலாப்பூரைத் தரிசித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தது. வரும்போது ஜில்லென்றிருந்தது. இக்னேஷியஸ் நாளுக்கு நாள் இளைத்தார்.

டிரைவர் ஹபீபுர் ரஹ்மானுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"இன்னாம்மா இது? கஞ்சிக்கு ஊரைச் சுத்திக் காமிச்சிக்கினுகீறே! அண்ணாத்தே பாவம்மா. கொஞ்சம் நில்லு."

பஸ்ஸை ஒடித்துக் குறுக்கே நிறுத்தினான். மூக்கு சமையலறைப் படியில், வால் கூடத்துப் படியில். "முன்னால ஏறு, பின்னால எறங்கு!"

அன்றைக்கு இக்னேஷியஸ் கஞ்சியை ஊதிக் குடித்தார். உதடு சுட்டதென்று சந்தோஷப்பட்டார்.

மறுநாளே, பஸ்ஸைப் பாலமாக உபயோகித்த குற்றத்துக்காக ஹபீபின் வேலை போயிற்று.

அவனுக்காக மன்றாட வெரோனிகா மறுபடி ஆபீசுக்குப் போனாள். இந்தத் தடவை கோதண்டபாணி எழுந்து நின்று வரவேற்றார்.

"வாருங்கள், அம்மணி! இந்தத் தடத்தில் மிகுதியாகப் பிரயாணம் செய்தவர் தாங்கள்தான். பாதை அமோக வெற்றி என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். சமையலறை ஓரமாகப் போனால்தான் கூட்டம் சேருகிறது என்பது எங்கள் கண்டுபிடிப்பு."

"ஐயா, அந்த டிரைவர்..."

"மன்னித்தோம்! தியாகராய நகரில் இரண்டாவது பாதை போடுகிறோம். அதில் ஓட்டட்டும். இம்முறை பொதுஜன அபிப்பிராயம் கேட்டே கோடு கிழிக்கப் போகிறோம். தாங்கள் அனுபவசாலி. பாதையே வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்."

படத்தை விரித்துப் பென்சிலை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லத்தான் வெரோனிகா வாயெடுத்தாள். அதற்குள் அவள் கண் படத்தில் ஒரு தெருவில் நிலைத்தது. முகம் மெல்ல மலர்ந்தது.

"இதோ, இந்த வீடு," என்று பென்சிலால் அழுத்திக் கோடு போட்டாள். "என் நாத்தனார் கிளாடிஸ் வீடு. முற்றம் நல்ல விசாலம், ஐயா. பஸ் தாராளமாப் போகும்."