பதினான்கு முத்திரைகளும் என் எடையும்

மதிப்பிற்குரிய மசுயோ அக்கா அவர்களின் மேலான பார்வைக்கு,

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் கடந்தும் இங்கே நுமாசுவில் வெயில் இறங்கவில்லை. விடிந்ததும் சில்வண்டுகள் தொடங்கிவிடுகின்றன. மொரியோகாவில் காலை வேளையிலாவது காற்று குளிர்ந்திருக்கும், தங்கள் முதுகு வலியும் சற்றுத் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் தங்கை ஃபுசாயே நலம். வாதம் தாக்கிய இடது கையும் காலும் முன்போலவேதான். பேச்சு மட்டும் முன்னைவிடத் தெளிவு. எனக்கு அதில் சந்தேகம் வராதபடி அவள் தினமும் பார்த்துக்கொள்கிறாள். இருபது நாட்களாக இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். இது ஆறாவது பிரதி. தங்களைத் தொந்தரவு செய்ய எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

மே மாதக் கடைசியில் நகராட்சி மருத்துவப் பரிசோதனை நடந்தது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு எண்பத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. எனக்குத் தொண்ணூற்றேழு. மூச்சை உள்ளே இழுத்தபோது தொண்ணூற்றாறரை. எடை எண்பத்திரண்டு கிலோ அறுநூறு கிராம். முப்பத்தெட்டு ஆண்டுகள் அரசு எடை அளவைத் துறையில் கடைத் தராசுகளைச் சோதித்தவன் நான். தராசின்மேல் பழி போடும் சுகம்கூட எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்து எங்கள் தராசின்மேல் ஐந்து கிலோ சோதனைக் கற்களை வைத்துப் பார்த்தேன். தராசு சரியாகவே இருந்தது. இத்தோடு முடிந்திருந்தால் தங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். ஃபுசாயேவைப் பார்க்க வாரம் இருமுறை வரும் செவிலியர் ஹமானோ என் முட்டியின் எக்ஸ்ரேயையும் வாங்கிப் பார்த்தார். அவள் காதில் விழாமல் இருக்க என்னை வாசலுக்கு அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, இந்த முட்டியை வெச்சுக்கிட்டு தினமும் எட்டுத் தடவை அம்மாவைக் கட்டில்லேர்ந்து தூக்குறீங்க. உங்க பாரத்தையே அது தாங்கல. அக்டோபர்ல டாக்டர் திரும்பப் பார்ப்பார். அதுக்குள்ள ஏழு கிலோ குறைச்சா முட்டி பொழைக்கும். இல்லேன்னா அம்மாவுக்கு முதியோர் விடுதியில இடம் கேட்டு இப்பவே எழுதி வெக்கிறது நல்லது."

அந்த விடுதி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். பார்வையாளர் நேரம் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு. அக்கா, ஃபுசாயேவுக்குத் தேநீர் எந்தச் சூட்டில் வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கே பதினோரு ஆண்டுகள் ஆயின. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாததால் பசிக்கிறது. இதை ஃபுசாயேவிடம் சொல்லவில்லை. தாங்களும் சொல்ல வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

"தனியா ஆரம்பிச்சா மூணாவது வாரம் நின்னுடும். வாரத்துக்கு ஒருதடவை கணக்கைக் காட்ட ஒரு ஆளு வேணும். சாட்சி மாதிரி" என்றும் ஹமானோ சொன்னார். எனவே கட்டம் போட்ட தாளில் ஓர் அட்டவணை தயாரித்தேன். தேதி, காலை எடை, மாலை எடை, இடுப்பளவு, உண்டது, மறைத்து உண்டது, கடைசியில் வாரத்துக்கு ஒன்றாக, சாட்சி கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் முத்திரையை வைக்கக் கட்டம். அக்டோபர் வரை பதினேழு கட்டங்கள். அட்டவணை அழகாகவே வந்தது. ஆனால் சாட்சியாக யாரைக் கேட்பது? ஒருவர் வீட்டு மணியை அடித்து, "வணக்கம், என் இடுப்பளவைப் பாருங்கள்" என்று எப்படிச் சொல்வது? மூன்று வாரம் என் முத்திரையை நானே வைத்துக்கொண்டேன். தன் தராசுக்குத் தானே சான்று கொடுத்துக்கொண்ட மீன் வியாபாரி ஒருவரை ஒரு காலத்தில் நான் கண்டித்திருக்கிறேன். அவர் முகம் அடிக்கடி நினைவுக்கு வந்தது.

ஜூலை முதல் தேதி தெருவின் சுற்றறிக்கைப் பலகை எங்கள் வீட்டுக்கு வந்தது. வழக்கம்போல் சாக்கடை சுத்தம் செய்யும் நாள் பற்றிய அறிவிப்பு. பார்த்து, முத்திரை வைத்து, அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். பலகை நல்ல தேக்கம்பலகைபோல் உறுதியாக இருந்ததால், அதை மடியில் வைத்து அதன்மேல் அன்றைய எடையை எழுதினேன். காற்றில் பறக்காமல் இருக்க என் தாளையும் பலகையின் கிளிப்பில் செருகினேன். அந்த நேரம் ஃபுசாயே கூப்பிட்டாள். திரும்பி வந்து பலகையை எடுத்துப்போய் அடுத்த வீட்டு வாசலில் வைத்தேன். தாள் அதோடு போய்விட்டது என்பது மறுநாள் காலை தராசின்மேல் நிற்கும்போதுதான் தெரிந்தது. அதற்குள் பலகை மூன்று வீடு தாண்டியிருந்தது. துரத்திப்போய்க் கேட்கத் துணிச்சல் இல்லை. ஒன்பது நாட்கள் கதவை முழுதாகத் திறக்காமல் இருந்தேன்.

எங்கள் தெருவில் எங்களைத் தவிர பதினான்கு வீடுகள். என் அட்டவணையில் மிச்சமிருந்த சாட்சிக் கட்டங்களும் பதினான்கு. அக்கா, நம் ஊரில் காலிக் கட்டத்தோடு ஒரு தாள் வந்தால் என்ன செய்வோம்? பதினான்கு வீட்டாரும் ஆளுக்கொரு கட்டத்தில் அழகாகச் சிவப்பு முத்திரை வைத்திருந்தார்கள். அதாவது அக்டோபர் வரைக்குமான என் நேர்மைக்கு முன்கூட்டியே சான்று வழங்கப்பட்டுவிட்டது. இதைவிடப் பெரிய முறைகேட்டை என் பணிக்காலத்தில் கண்டதில்லை. ஒன்பதாம் வீட்டுத் தம்பதி இது நகராட்சித் திட்டம் என்று எண்ணித் தங்கள் எடைகளையும் ஓரத்தில் எழுதியிருந்தார்கள். எல்லாருமே 'மறைத்து உண்டது' பகுதியைப் படித்திருக்கிறார்கள். அதில் ஜூன் இருபத்தாறாம் தேதி, "மாலை 4.10: மெலன் ரொட்டி பாதி, நின்றபடி. 4.25: மறுபாதி, குளியலறையில்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

பலகை திரும்பிய அன்று மாலை தெருச் சங்கத் தலைவர் ஒகினுமா வந்தார். என் வயதுதான். முன்பு தீயணைப்புத் துறையில் இருந்ததால் பக்கத்தில் இருப்பவரிடமும் தூரத்தில் இருப்பவரிடம் போலவே பேசுவார்.

"சகுமா, நீ வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். பெரிய காரியம் பண்ணிட்டே. தெருவே பேசுது. எல்லாருக்கும் தொப்பை இருக்கு, எவனுக்கும் சொல்லத் தைரியம் இல்ல. நாளைலேர்ந்து பூங்காவுல ஆறரைக்கு உடற்பயிற்சி. தராசைத் தூக்கிட்டு வந்துடு."

தவறுதலாகச் சேர்ந்த தாள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால், பதினான்கு வீட்டாரை வீணாக முத்திரை வைக்கச் செய்தவன் ஆவேன். ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். வெறுங்கையோடு போக முடியாது, இனிப்புப் பெட்டி வாங்க வேண்டும். எடைகுறைப்புத் தாளுக்காகப் பதினான்கு இனிப்புப் பெட்டிகள். நான் தலைகுனிந்து, "ஆகட்டும்" என்றேன்.

அன்றிலிருந்து எனக்குப் பதினான்கு வீட்டுச் சாட்சிகள். எனக்கு வெளியே போகப் பயம். தோஃபு கடை அம்மாள் பொரித்த தோஃபுவை எடுத்த என் கையிலிருந்து திரும்ப வாங்கி, "ஐயா, நேத்து எண்பத்திரண்டு நாலு. இது எண்ணெயில போட்டது. வெள்ளையா இருக்கே, அதை எடுங்க" என்றார். கடையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் தலையாட்டினார்கள். மூன்றாம் வாரம் நான் அறுநூறு கிராம் குறைந்ததாகத் தராசு காட்டியது. அன்று காலை கண்ணாடியையும் பற்களையும் கழற்றி வைத்திருந்தேன். செய்தி பரவியது. ஒன்பதாம் வீட்டார் என்னைப் பாராட்டி ஒரு டப்பா நிறையப் பயற்றம் பூரணம் வைத்த உருண்டைகள் கொடுத்தார்கள். பாராட்டி வந்ததை எப்படி மறுப்பது? டப்பாவைக் காலியாக எப்படித் திருப்பிக் கொடுப்பது? கத்தரிக்காய் வறுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் அந்தப் பாத்திரத்தைக் காலியாகத் தரக்கூடாதென்று கிழங்கு வறுவல் கொடுத்தார்கள். பார்த்த மற்ற வீட்டாரும் தாங்கள் பாராட்டாமல் இருப்பது சரியல்ல என்று நினைத்தார்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதி நிலவரத்தைக் கூட்டிப் பார்த்தேன்: பூங்காவில் எல்லாரும் என்னைப்போல் தாள் வைத்து எடை பார்க்கத் தொடங்கியபின் எங்கள் தெரு மொத்தம் ஒன்பது கிலோ அறுநூறு கிராம் கூடியிருக்கிறது.

மிக மோசமானதை இனிமேல்தான் சொல்ல வேண்டும். பதிமூன்றாம் தேதி மனம் உடைந்து, தொப்பியும் முகக்கவசமும் அணிந்து, மூன்று நிறுத்தம் தள்ளிப் பஸ்ஸில் போனேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. ஒரு கடையில் பன்றி இறைச்சிக் கட்லெட் சூடாகப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் தொப்பியும் முகக்கவசமும் அணிந்த ஒருவர் நின்றார். அவர் "ரெண்டு" என்று மெதுவாகச் சொன்னபோது கடைக்கு அப்பால் சைக்கிளில் போனவர்கூடத் திரும்பிப் பார்த்தார். நான் தெரியாததுபோல் நகர்ந்திருக்கலாம். ஆனால் உடம்பு தானாக வளைந்து வணக்கம் சொல்லிவிட்டது. முன்னால் நின்றவரும் திரும்பி வணக்கம் சொன்னார். வணங்கியபின் தெரியாததுபோல் இருக்க முடியாது.

"சகுமா, நான் உன்னைப் பாக்கல" என்றார் ஒகினுமா.

"நானும் தங்களைப் பார்க்கவில்லை."

"அப்ப பாக்காதவங்க ரெண்டு பேரும் நின்னுக்கிட்டு சாப்பிட வேணாம். அந்தப் பெஞ்சுல உக்காருவோம்."

இப்போது ஞாயிறுதோறும் அவர் என் தாளைப் பார்த்து, "நல்ல முன்னேற்றம்" என்று பூங்கா முழுக்கக் கேட்கும்படி சொல்கிறார். நான் அவர் தாளைப் பார்த்துத் தலையாட்டுகிறேன். என் சாட்சி என் கூட்டாளி ஆகிவிட்டார். இன்றைய எடை எண்பத்திரண்டு கிலோ நூறு கிராம். டாக்டர் பார்க்கப்போகும் அக்டோபர் ஏழாம் தேதிக்கு ஆறு வாரங்கள்தாம் இருக்கின்றன.

போன செவ்வாய் காலை ஃபுசாயேவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது முட்டி மடங்கிவிட்டது. கைப்பிடிக் கம்பி இருந்ததால் விழவில்லை. இருவரும் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவள் என் முகத்தைப் பார்த்து, "என்னங்க, இன்னிக்கு டீ இங்கேயேவா?" என்றாள். செருப்பு வழுக்கியது என்றேன். நாங்கள் வீட்டுக்குள் செருப்பு அணிவதில்லை. எழுந்திருக்க இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் எனக்கு அந்த விடுதியின் பஸ் நேரங்கள்தான் வரிசையாக ஓடின.

எனவே தங்களிடம் ஒரு விண்ணப்பம். ஞாயிறுதோறும் என் எடையைத் தபால் அட்டையில் எழுதி அனுப்புகிறேன். தாங்கள் பார்த்து, பதில் அட்டையில் திட்ட வேண்டும். ஒரு வரி போதும். பதினான்கு பேர் கண்டித்தும் பலனில்லாதபோது இது எப்படி உதவும் என்று கேட்கலாம். எங்கள் திருமண விருந்தில் தாங்கள் என் பக்கம் திரும்பி, "சாப்பாட்டுக் குச்சியைப் பென்சில் மாதிரி பிடிக்கிறாரே" என்றீர்கள். நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. மறுநாளிலிருந்து மாற்றிக்கொண்டேன். உலகில் நான் முழுமையாகப் பயப்படும் ஒரே மனிதர் தாங்கள். இதை மரியாதையாகவே சொல்கிறேன்.

பருவம் மாறும் நேரம். தாங்கள் வெயிலில் அலையாமல், குளிர்ந்ததைக் குடிக்காமல், நூறாண்டு நிறைவாக இருக்க வேண்டும் என்று இந்தச் சிறியவன் தலைவணங்கி வேண்டுகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பான விசாரிப்புகள்.

பணிவுடன்,
சகுமா தொகுஜி

பின்குறிப்பு: அலுவலக வழக்கப்படி பிழை பார்ப்பதற்காக இந்தக் கடிதத்தைச் சமையலறையில் வாய்விட்டு ஒருமுறை படித்தேன். மெதுவாகத்தான் படித்தேன். படித்து முடித்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னங்க. விடுதி விஷயத்தை எங்கிட்ட எப்ப சொல்றதா உத்தேசம்?"

நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன்.

"ஹமானோ வாசல்ல மெதுவாப் பேசுறதா நெனச்சுப் பேசுச்சு. எனக்குக் கால்தான் வரல. காது நல்லா இருக்கு. மே மாசத்துலேர்ந்து நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருக்கேன். தெருவுல பதினாலு வீட்டுக்கும் காட்டியாச்சு, இப்ப மொரியோகாவுக்கும் போகப்போகுது. பக்கத்து அறையில இருக்கிறவ கண்ணுல மட்டும் படல."

"நீ பயப்படுவாயே என்று..."

"பயமாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் தனித்தனியா எதுக்குப் பயப்படணும்? தாளை எடுங்க."

சாட்சிக் கட்டம் எதுவும் மிச்சமில்லை என்றேன். ஓரத்தில் ஒன்று போடச் சொன்னாள். இன்று மாலை 'மறைத்து உண்டது' பகுதியில் "ரொட்டி ஒன்று" என்று எழுதியிருந்தேன். "காகிதப் பை ரெண்டு தடவை சலசலத்துச்சு" என்றாள். திருத்தினேன். பிறகுதான் வலது கையால் தன் முத்திரையை வைத்தாள்.

ஆகையால் தாங்கள் திட்ட வேண்டியதில்லை. மேலே எழுதியதை எழுதாததாகவே கருத வேண்டுகிறேன். கடிதத்தை அவள் கிழிக்க விடவில்லை. அக்காவும் தெரிஞ்சுக்கட்டும் என்கிறாள். இன்னொன்று. சற்றுமுன் அவளை நாற்காலிக்கு மாற்ற வேண்டியிருந்தது. நான் குனிந்ததும், "இருங்க, மூணு எண்ணுங்க. நான் வலது காலை ஊணித் தள்ளுறேன். இத்தனை நாள் நீங்க ஒண்ணும் சொல்லாததால, நானும் சும்மா தொங்கிக்கிட்டிருந்தேன்" என்றாள். எண்ணினேன். தூக்கினேன். முப்பத்தெட்டு ஆண்டு அனுபவத்தில் கையாலேயே எடை சொல்ல எனக்கு வரும்: நேற்றைவிட நான்கு கிலோ குறைவு. இதை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.