கோலத்தாய்க்கு ஏழாம் மாதம்

கர்ப்பிணிகள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கு எந்த நாளும் இரண்டு கருத்து கிடையாது. ஆகவே, ஊட்டச்சத்து மாதத்தை முன்னிட்டு, ஒவ்வொரு அங்கன்வாடியிலும் சத்தான பொருட்களைக் கொண்டு ஒரு கர்ப்பிணித் தாயைக் கோலமாகப் போட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. முதல் பரிசு உண்டு. பொருட்களை மட்டும் ‘உள்ளூரிலேயே திரட்டிக்கொள்ள வேண்டியது.’

குத்தாலத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் எங்கே போய்த் திரட்டுவது? அங்கன்வாடி நடத்தும் நீலாம்பாள் அக்கா அலமாரியைத் திறந்தார். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வந்தது எல்லாம் அங்கே இருந்தது. திரட்டிவிட்டார்.

சத்துமாவு உடம்பானது. பேரீச்சம்பழம் கூந்தலானது. முருங்கைக்கீரை சேலைக்குக் கரை, முட்டை இரண்டும் கண்.

நடவுக்குப் போகிற செம்மொழிக்கு ஏழு மாதம், ரத்தம் எட்டு. “பத்துக்கு ஏறலேன்னா பிரசவத்துல ஆபத்தும்மா” என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காலை ஒன்பதுக்கே வெறும் வயிற்றோடு வந்து நின்றாள்.

“அக்கா, என் மாவு பாக்கெட்டக் குடுத்தா போயிடுவேன்.”

“எங்கேருந்துடி குடுக்கறது? அதோ, அவளுக்குக் கன்னமா இருக்கு. ஐயா வந்து பாத்துட்டுப் போகட்டும்.”

ஐயா என்பவர் மாவட்ட அலுவலர் சாம்பசிவம். ஒரு மணிக்கு வந்தார். கோலத்தை மூன்று முறை வலம் வந்தார்.

“வயிறு சின்னதா இருக்கே. எத்தனை மாசம்?”

“ஏழுங்க ஐயா,” என்றாள் செம்மொழி.

“உன்னையக் கேக்கலம்மா.”

“கோலத்துக்கும் ஏழுதாங்க ஐயா,” என்றார் நீலாம்பாள்.

“ஏழுக்கு இது பத்தாது. தாய் மெலிஞ்சிருந்தா மேலிடத்துல கேப்பாங்க.”

மற்ற கர்ப்பிணிகளுக்கென்று மிச்சமிருந்த மாவும் வயிற்றில் கொட்டப்பட்டது. தாய் தேறினாள். அந்த நேரம் பார்த்துச் செம்மொழிக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள்.

“ஏம்மா, காலைல சாப்பிட்டியா?”

“இல்லீங்க.”

“பாத்தீங்களா? விழிப்புணர்வு இல்லாததோட விளைவு. இதுக்குத்தான் இந்தக் கோலமே.” கையிலிருந்த குச்சியால் கோலத்தின் கூந்தலைத் தொட்டார். “இது என்ன தெரியுமா? பேரீச்சம்பழம். இரும்புச்சத்து.”

“தெரியுங்க. அது என்னோடது.”

நடுவர் குழு வரும்வரை மூன்று நாள் கோலத்தை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. எறும்புகளுக்கு உத்தரவு படிக்கத் தெரியாது. நாங்கள் படித்தவர்கள், தொடவில்லை. ஆளுக்கொரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தோம். செம்மொழி புருஷன் பரிதியும் வைத்தான்: ‘கன்னம், எங்க வீட்டு மாவு.’

முதல் பரிசு எங்கள் ஊருக்கே. கேடயம் வந்த வாரம் செம்மொழிக்கு ரத்தம் பார்த்தார்கள். ஏழரை.

பின்னாலேயே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: ‘முதல் பரிசு பெற்ற ஊரில் ரத்தசோகை எவ்வாறு சாத்தியம்?’

ஊர் கூடிப் பேசினோம். நியாயமான கேள்விதான்.

“இந்தா பாரு செம்மொழி,” என்றோம். “பேசாம உங்கம்மா ஊருக்குப் போயிடு. இனிமே ரத்தம் கித்தம் பாக்கறதெல்லாம் அங்கேயே பாத்துக்க. இல்லேன்னா கேடயம் கைவிட்டுப் போயிடும்ல.”

அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

பிள்ளைத்தாய்ச்சியை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. கோலத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, கையில் கொடுத்துத்தான் பஸ் ஏற்றிவிட்டோம்.