தடையின் பெயர்: பனி

ராசிபுரத்தில் கிணற்று நலத்துறை என்று ஓர் அலுவலகம் இருந்தது. கிணறுகளின் நலனில் அரசுக்கு அவ்வளவு அக்கறை. நம் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று எட்டிப் பார்த்தால் நமக்கே தெரியும். ஆனாலும் 'கிணறு உள்ளது' என்று அந்த அலுவலகம் சான்று கொடுத்தால்தான் அது கிணறு. கொடுக்காதவரை வெறும் பள்ளம்.

போன கார்த்திகையில் மேற்படி அலுவலகத்துக்குப் புத்தம் புது வெள்ளைக் கார் ஒன்று வழங்கப்பட்டது. பின் பம்பரில் பொட்டு வைத்த மாதிரி நாலு சென்சார். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஆடோ மாடோ சுவரோ இருந்தால் 'பீப் பீப்' என்று சொல்லிவிடும். நாமக்கல் சீமையில் இந்த வேலையை இதுவரை லாரிக் கிளீனர்கள்தான் செய்துவந்தார்கள். பின்னால் நின்று பாடியைத் தட்டி, "வரட்டும், வரட்டும்" என்பார்கள். சுவர் விழுந்ததும் "போதும்" என்பார்கள். அறிவியல் அந்தக் குறையைப் போக்கிவிட்டது.

காரின் ஓட்டுநர் சென்னிமலை, இருபத்தேழு வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட உரசாதவர். ஜனவரி முப்பத்தொன்றோடு அவருக்கு ஓய்வு. அதற்கு முன் குடியரசு தினத்தன்று 'விபத்தில்லா ஓட்டுநர்' சான்றிதழ் அவர் கைக்கு வந்தாக வேண்டும். அதைக் கொண்டுவந்தால் பஸ் ஓட்டும் வேலை தருவதாக ஒரு பள்ளிக்கூடத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். கொண்டுவராவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அது பற்றி அவர் மனைவி காளியாத்தாள் தன் நிலைப்பாட்டை முன்கூட்டியே அறிவித்திருந்தாள்.

"சர்ட்டிபிகேட்டோட ஊட்டுக்கு வாங்க. பகல் பூரா கட்டல்ல கால நீட்டிக்கிட்டு, காப்பி கொண்டா, கண்ணாடி எங்கேன்னு கேக்கற ஆம்பளைய மேய்க்க எனக்குத் தெம்பில்லீங்க."

மார்கழி பிறந்தது. போதமலைப் பக்கமிருந்து பனி இறங்கிக் காரின் நாலு கண்ணிலும் முத்து முத்தாக உட்கார்ந்தது.

துணை இயக்குநர் அர்த்தநாரி அலுவலகத்துக்குப் பின்னாலிருக்கும் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். காலை ஏழு மணிக்கெல்லாம் கிணறு பார்க்கக் கிளம்பிவிடுவது அவர் வழக்கம். கிணறு எங்கும் போகாது என்பது அவருக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. முதல் நாள் அவர் காரில் ஏறி உட்கார்ந்தார், சென்னிமலை ரிவர்ஸ் போட்டார், கார் வீறிட்டது.

"என்னய்யா பின்னால?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

"வண்டி இருக்குங்குதே!"

"பனிங்க சார். சென்சார் மேல தண்ணி கோத்து நிக்குது. துணிய வெச்சு ஒரு தொடை தொடச்சா அடங்கிருமுங்க."

"தொட்றாத!"

அர்த்தநாரி போட்ட சத்தத்தில் கார்கூட ஒரு கணம் வாயை மூடியது. பம்பரில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. 'அங்கீகரிக்கப்பட்ட நபர் தவிர எவரும் சென்சாரைத் தொடக் கூடாது. மீறினால் உத்தரவாதம் ரத்து.' அங்கீகரிக்கப்பட்ட நபர் சென்னையில் இருந்தார். சித்திரையில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"எறங்கிப் போய்ப் பாரு."

சென்னிமலை இறங்கிப் போய்ப் பார்த்தார். ஒரு காக்கைகூட இல்லை.

"ஒண்ணுமே இல்லீங்க சார்."

"சென்னிமலை, உனக்கு ரெண்டு கண்ணு. அதுலயும் ஒண்ணுக்குப் போன வருசம் ஆபரேசன். வண்டிக்கு நாலு கண்ணு, நாலும் புதுசு. நான் யாரய்யா நம்பறது?"

சென்னிமலை மறுபடி இறங்கிப் போய்ப் பார்த்தார். காக்கை இன்னும் வரவில்லை.

கார் வீறிட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு அலறலையும் அது தானாகவே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கே அது 'மயிரிழையில் தவிர்க்கப்பட்ட மோதல்' என்று பதிவானது. இருபது நாளில் நாற்பத்தொரு மோதல்கள் தவிர்க்கப்பட்டிருந்தன. தலைமை அலுவலகம் கவலையோடு எழுதியது: 'இத்தனை முறை மோதப் பார்த்தவருக்கு விபத்தில்லாச் சான்றிதழ் எவ்வாறு வழங்குவது? மோத இருந்த தடை எது? இணைப்பில் உள்ள படிவத்தில் விவரம் தருக.'

சென்னிமலை பேனாவை எடுத்து, உள்ளதை உள்ளபடி எழுதினார். எழுதியதைத் தட்டச்சர் தேவிப்ரியாவிடம் கொடுத்தார். தேவிப்ரியாவின் விரல் வேகம் மாவட்டப் பிரசித்தம். ரெண்டு சுழி, மூணு சுழி என்று அவள் பாகுபாடு பார்ப்பதில்லை. எது முதலில் விரலில் தட்டுப்படுகிறதோ அது 'ன'. பள்ளிக்கூடத்தில் முட்டி வீங்க ஸ்கேலால் அடி வாங்கியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

படிவம் இப்படிப் போயிற்று:

'தடையின் பெயர்: பணி.

எங்கிருந்து வருகிறது: மேலிருந்து இறங்குகிறது.

எப்போது காணப்படுகிறது: விடியற்காலையில். பத்து மணிக்கு மேல் தேடினாலும் கிடைக்காது.

உண்டாகும் பாதிப்பு: தலையில் விழுந்தால் காய்ச்சல் வரும். வயதானவர்களுக்குச் சுத்தமாக ஆகாது.

நிரந்தரமானதா: இல்லை. வருஷத்தில் இரண்டு மாதம் இருந்தால் அதிகம்.'

அர்த்தநாரி வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் அலுவலகத்தில் பணியே தடையாக உள்ளது என்ற செய்தி, இவ்வலுவலகம் நெடுங்காலமாகக் கொண்டிருந்த ஐயத்தை உறுதி செய்கிறது. குறிப்பாக அது மேலிருந்து இறங்குகிறது என்ற நுட்பமான அவதானிப்பு பாராட்டத்தக்கது. மேற்படி தடையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் முற்றாக அகற்றி அறிக்கை அனுப்புக.'

சென்னிமலை அர்த்தநாரியிடம் ஓடினார். "சார், தப்பாயிருச்சுங்க. நான் எழுதுனது ரெண்டு சுழி. மார்கழிப் பனிங்க."

"மேலிடத்துல என்ன சுழி போட்டிருக்காங்க?"

"மூணுங்க."

"அப்ப மூணுதான். மேலிடத்துக்கு ஒரு சுழி கம்மின்னு எழுதச் சொல்றியா? என் புரமோசன் என்னத்துக்காகும்?"

அன்று மாலைக்குள் பணி அகற்றப்பட்டது. கோப்புகள், முத்திரை, மைப்பெட்டி, வருகிற தபால், போகிற தபால் எல்லாம் பின்னறையில் போட்டுப் பூட்டப்பட்டன. பூட்டுக்கு அரக்கு முத்திரை. வாசலில் பலகை: 'இவ்விடத்தில் பணி அகற்றப்பட்டது.'

மறுநாள் பனமரத்துப்பட்டியிலிருந்து கருப்பண்ணன் என்ற விவசாயி சான்று வாங்க வந்தார். இது அவருக்கு ஒன்பதாவது வருகை.

"ஏனுங்க அம்மிணி, பலகையில என்னமோ எழுதியிருக்குதே?"

"பணிய அகத்திட்டோம்ங்க," என்றாள் தேவிப்ரியா.

"அப்படீங்களா? எப்பங்க?"

"நேத்து சாயந்தரம்."

கருப்பண்ணன் பலகையை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தார். "நேத்து வரைக்கும் இருந்துச்சுங்களா?"

கருப்பண்ணன் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் வழக்கமாக உட்காரும் நேரம் உட்கார்ந்துவிட்டு, வழக்கமான பஸ்ஸைப் பிடித்துப் போனார்.

இதில் கவனிக்க வேண்டியது, திட்டம் பலித்துவிட்டது என்பதுதான். பணி இல்லாததால் அர்த்தநாரி ஏழு மணிக்குக் கிளம்புவதில்லை. பணியை அகற்றியது எப்படி என்று பிற அலுவலகங்களுக்கு விளக்கத்தான் போவார். அதுவும் பதினொன்றரைக்கு. அதற்குள் வெயில் காரின் நாலு கண்ணையும் துடைத்து உலர்த்தியிருக்கும். வெயிலுக்கு உத்தரவாதம் பற்றிக் கவலை இல்லை. கார் வாயைத் திறக்கவே இல்லை. இரண்டு வாரம், ஒரு பீப்கூடக் கிடையாது.

தலைமை அலுவலகம் நெகிழ்ந்துபோயிற்று. 'ராசிபுரம் முறை' என்று அதற்குப் பெயர் வைத்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே! பக்கத்துத் துறைகள் எல்லாம் போட்டி போட்டுப் பணியை அகற்றின. பலூன் கட்டி, ரிப்பன் வெட்டி, பூட்டிய அறை முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். சேலத்தில் ஓர் அலுவலகம் அகற்றப் பணியே இல்லாமல், கடன் வாங்கி வந்து அகற்றியது.

குடியரசு தினம் வந்தது. சென்னிமலைக்குச் சால்வை போர்த்தி, 'பணியே தடை எனக் கண்டறிந்த முதல் ஓட்டுநர்' என்று மைக்கில் புகழ்ந்தார்கள். விபத்தில்லாச் சான்றிதழும் கைக்கு வந்தது. கீழே பார்த்தார். 'துணை இயக்குநர் கையொப்பம், முத்திரை' என்ற இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"சார், ஒரு கையெழுத்துங்க."

"போடலாந்தான். போட்டா அது பணியாயிருமே?"

"ஒரே ஒரு கையெழுத்துங்க சார்."

"ஒண்ணு போட்டாலும் தடை திரும்பி வந்துருச்சுன்னு ரிப்போர்ட் போகும். முத்திரை வேற உள்ள பூட்டிக் கெடக்குது. ராசிபுரம் முறைக்கு ராசிபுரத்துலயே களங்கம் வரலாமாய்யா?"

"இது இல்லாட்டி பள்ளிக்கூடத்துல சேத்த மாட்டாங்க சார். அஞ்சு நாள்ல ரிட்டயர்டுங்க."

"கொடுத்து வெச்சவன்யா நீ," என்றார் அர்த்தநாரி உண்மையான பொறாமையோடு. "உனக்குப் பணி நிரந்தரமா அகலுது."

அன்றும் அடுத்த மூன்று நாளும் கேட்டுப் பார்த்தார். முப்பதாம் தேதி மத்தியானம் சென்னிமலை வீட்டுக்கு வந்து சான்றிதழை மேஜைமேல் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

காளியாத்தாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கையெழுத்து எங்கீங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப, வேலை செய்யறதுதான் தடை. நிறுத்திட்டா நல்லது. கவுர்மெண்டே சொல்லுது."

"அப்படித்தான் சொல்லுது புள்ள," என்றார் சென்னிமலை களைப்பாக. "ஒரு வாய் காப்பி குடு."

காளியாத்தாள் அடுப்படிக்குப் போனாள். கேஸை மூடினாள். கதவை இழுத்துச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். கோலமாவை எடுத்துக் கதவு முன்னால் நிதானமாக எழுதினாள்: 'இவ்விடத்தில் பணி அகற்றப்பட்டது.' மூணு சுழியும் திருத்தமாக இருந்தது. போட்டோ எடுத்து, மார்கழிக் கோலத்துக்காகத் தெருப் பெண்கள் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கூட ஒரு வரி: 'கவுர்மெண்ட் திட்டம். எல்லாரும் சேந்துக்கலாம்.'

அந்தக் குழுவில் அர்த்தநாரியின் மனைவி அங்காளம்மாளும் இருந்தாள். அங்காளம்மாளின் தங்கை சென்னையில் தலைமை அலுவலகக் கண்காணிப்பாளரைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் மூன்று குழுக்கள் இருந்தன.

கிணற்று நலத்துறையில் பணி நின்று மூன்று வாரமாகியும் ஊருக்கு உறைக்கவில்லை. அடுப்படியில் நின்றது அன்றைக்கு நாலு மணிக் காப்பிக்கே உறைத்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு அர்த்தநாரி காப்பி கேட்டார். அங்காளம்மாள் தன் அடுப்படிக் கதவு முன்னாலிருந்த கோலமாவு எழுத்தைக் காட்டினாள். மெஸ்ஸுக்கு ஓடினார். மெஸ் நடத்தும் அம்மாளும் குழுவில் இருந்தாள். வெறும் வயிற்றோடு திரும்பி வந்தவர் மனைவியிடம் தழைந்து பேசிப் பார்த்தார்.

"என்ன பண்ணுனாடி தெறப்ப?"

"காளியாத்தா ஊட்டுக்காரர் காயிதத்துல ஒரு கையெழுத்து. குழுவுல அப்படித்தான் முடிவு. போட்டோ வந்தா காப்பி வரும்."

ஏழு நாற்பதுக்கு, கொட்டும் பனியில், கிணற்று நலத்துறையின் அரக்கு முத்திரை உடைக்கப்பட்டது. கோப்புகளுக்கு அடியிலிருந்து அர்த்தநாரி முத்திரையைத் தானே தோண்டி எடுத்து, சென்னிமலை கொண்டுவந்து நீட்டிய சான்றிதழில் குத்தினார். கையெழுத்துப் போட்டார். உடனே போட்டோ எடுத்து அனுப்பினார். இருபது வருஷ சர்வீஸில் அவர் பத்து மணிக்கு முன்னால் முடித்த முதல் கோப்பு அது.

சென்னிமலை சான்றிதழோடு எட்டரை பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய், திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்ன கடிதத்தோடு திரும்பினார். அப்புறம்தான் அவருக்குக் காப்பி கிடைத்தது.

அர்த்தநாரிக்குத்தான் விளக்கம் எழுதும்படி ஆயிற்று. அரக்கு முத்திரை உடைந்த செய்தி எப்படியோ மேலே போய்விட்டது. 'அகற்றப்பட்ட பணி தங்கள் அலுவலகத்தில் மீண்டும் தோன்றியதற்குக் காரணம் என்ன?' என்று கேட்டிருந்தார்கள். அவர் ஒரே வார்த்தையில் பதில் எழுதினார்: 'பசி.'

தலைமை அலுவலகம் அதை ஏற்கவில்லை. 'தாங்கள் கூறும் காரணம் நம்பத்தக்கதாக இல்லை. இவ்வலுவலகத்தில் பணிபுரியும் அனைவர் வீட்டிலும் மூன்று நாட்களாக அடுப்பு எரியவில்லை. ஆயினும் இங்கே இதுவரை ஒருவரும் பணியைத் தொடங்கவில்லை.'