நாலு ஜிபிக்கு மேல் நுழையாது

மச்சினன் கல்யாண வீடியோ எங்கள் வீட்டு டிவியில் ஓடக் கூடாது. ஓடினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சபதம் செய்தேன். மனசுக்குள்தான். சத்தமாகச் செய்தால் என் மனைவி முத்துமீனா காரணம் கேட்பாள்.

காரணம் இதுதான். அந்தக் கல்யாணத்தில் என் தலைக்கு மேல் ஏதோ 'ங்ஙொய்' என்று வந்தது. கதண்டு என்று நினைத்துவிட்டேன். அந்த விஷ வண்டு கொட்டினால் ஆள் காலி; துணியால் தலையை மூடிக்கொண்டு ஓட வேண்டும் என்பார்கள். கைக்கு அகப்பட்ட துணி, கட்டியிருந்த வேட்டிதான். அதை உருவித் தலையில் போர்த்திக்கொண்டு, பட்டாபட்டி டவுசரோடு "கதண்டு! கதண்டு!" என்று அலறியபடி பந்திக்குள் பாய்ந்தேன். வந்தது வீடியோக்காரர் பறக்கவிட்ட ட்ரோன் கேமரா. அந்த மனுஷன் அதை என் பின்னாலேயே இலை இலையாக ஓட்டினார். நல்லவேளை, முத்துமீனாவும் மாமனார் வீட்டாரும் அப்போது மணமேடையில் இருந்தார்கள்.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் காலனிச் சங்கத்துக்குத் தலைவர் நான். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்கு வரும் மாமனார் வீட்டார் முன்னால் என் பட்டாபட்டி பெரிய திரையில் ஓடலாமா?

"ஏங்க, லேப்டாப்புல இருக்குற வீடியோவைப் பென் டிரைவுல ஏத்திக் குடுங்க. டிவியில சொருகணும்" என்றாள் முத்துமீனா.

தெரியாமல் அழிந்துவிட்டது என்று சொல்லும் யோசனையில்தான் உட்கார்ந்தேன். பொய்க்கு வேலையே வைக்காமல் கம்ப்யூட்டரே மறுத்துவிட்டது. ஃபைல் ரொம்பப் பெரிசாம். பென் டிரைவோ முப்பத்திரண்டு ஜிபி; உள்ளே ஈ, எறும்பு இல்லை. வீடியோ ஆறே ஜிபி.

எதிர்வீட்டு குருபிரசாத் கம்ப்யூட்டர் தெரிந்தவர். அவரிடம் ஓடினேன்.

"அது ஃபேட் தேர்ட்டி டூங்கிற பழைய முறைண்ணே. இடம் எம்புட்டு இருந்தாலும், ஒத்தை ஃபைல் நாலு ஜிபியைத் தாண்டினா ஏத்துக்காது. வேற முறையில ஃபார்மட் பண்ணிட்டா ஏறிடும். பண்ணித் தரவா?"

"வேணாம்பா! முதல்ல சொன்னதே போதும்."

ரெண்டாவதாகச் சொன்னதை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

"மீனா, வீடியோ ஏறாது. ஃபேட் சரியில்ல."

"என் ஃபேட்டு உங்களைக் கட்டுன அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. வீடியோ ஏன் ஏறாது?"

"நான் சொல்றது பென் டிரைவோட ஃபேட்டு! நாலு ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா வந்தா நுழைய விடாது."

"முப்பத்திரண்டு ஜிபி சும்மா கெடக்கேங்க?"

"மண்டபம் எம்புட்டுப் பெரிசா இருந்தா என்னடி? வாசல் சின்னது. யானை நுழையுமா?"

"ஒரே ஃபைலா இருந்தாத்தான் நுழையாது?"

"ஆண்டவனே வந்து தள்ளுனாலும் நுழையாது!"

"சரிங்க" என்றாள்.

சரிங்க! எங்கள் வீட்டுச் சுவர்கள் அந்த வார்த்தையை முதல் தடவையாகக் கேட்டன. ஆபீசில் எத்தனையோ பெரிய ஃபைல்களை அமுக்கிய கை இது. வீட்டு ஃபைலும் அமுங்கியது. அந்தச் சந்தோஷத்தில் ஞாயிறு காலை கறி வாங்கப் போனவன், கடைக்காரர் கேட்காமலேயே எலும்பைக் கூடப் போடச் சொன்னேன்.

சாப்பாடு முடிந்தது. மச்சினன் தங்கப்பாண்டி ஏப்பம் விட்டபடி, "அக்கா, வீடியோவைப் போடு" என்றான்.

நான் முந்திக்கொண்டேன். "முடியாது மாப்ள. டெக்னிக்கல் பிரச்சினை." வாசல், யானை, ஃபேட் எல்லாவற்றையும் மறுபடி விளக்கினேன்.

"மாப்பிள்ளைக்கு எம்புட்டு விஷயம் தெரியுது!" என்று மாமனார் வாய் பிளந்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

முத்துமீனா ரிமோட்டை எடுத்தாள். திரையில் வரிசையாக ஃபைல்கள் வந்தன. தாலிகட்டு. மொய். பந்தி. 'கதண்டு.'

"எப்படிடி ஏறுச்சு?"

"ஒரே ஃபைலா இருந்தாத்தானே ஏறாதுன்னீங்க? துண்டு துண்டா வெட்டிட்டேன். ஆன்லைன்ல பிளவுஸ் விக்கிறதுக்கு வாராவாரம் வீடியோ வெட்டுறவளுக்கு இது ஒரு வேலையா?"

கதண்டு ஓடியது. திரையில் நானும் ஓடினேன். மாமனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தங்கப்பாண்டி மறுபடி போடச் சொன்னான். மூன்றாவது தடவை எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. போகட்டும், பார்த்தது சொந்தக்காரர்கள்தானே? வெளியாள் யார் இருக்கிறார்கள்?

"சரி மீனா, ஆசை தீந்துச்சுல்ல? பென் டிரைவைக் குடு. பீரோவுல வச்சுப் பூட்டிடுறேன்."

"தாராளமாப் பூட்டுங்க. ஆறு ஜிபியா இருந்தவரைக்கும் யாருக்கும் அனுப்ப முடியாம லேப்டாப்புலயே கெடந்துச்சு. இப்ப சின்னதாயிருச்சுல்ல? காலனி வாட்ஸ்அப் குரூப்புல தலைவருக்கு ஒரு துண்டு போட்டுட்டேன்."